தங்கத்தை எடுத்துக்கிட்டு மண்ணை எங்கே கொட்டுவீங்க?

ஆடிக் காத்துல அம்மி பறக்கும்பாங்க. எங்க கோலார் தங்கவயல்ல சுரங்கக் கழிவு குவிஞ்ச சயனைடு மேடே பறக்கும். மாரிகுப்பம் லைன் வீட்டில் அம்மா கொடியில் போட்ட துணியைப் பதினோரு மணிக்குள் எடுத்துவிடுவாள். கொஞ்சம் அசந்தால் அப்பாவின் வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியாகிவிடும். உதறினால் மாவு மாதிரி கொட்டும்.

அரைத்த கல்லை சயனைடு கரைசலில் போட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே வெளியே குவித்தார்கள். மொத்தம் 13 மேடு, ஆயிரம் ஏக்கர், சுமார் 3.3 கோடி டன். அதுதான் மலிவான வழியாம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள், கணக்கும் முடிந்தது. துவைத்த துணியைத் திரும்பத் துவைத்த சோப்புக் காசு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பிரேசிலில் இன்னொரு மலிவு வழி. சேற்றுக் கழிவை அணைக்குள் விட்டு, அந்தச் சேற்றின் மேலேயே கரையை உயர்த்திக்கொண்டு போவது. புருமாடினோவில் 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்படிப்பட்ட அணை ஒன்று உடைந்தது. தொழிலாளர் கேண்டீன் அணைக்கு நேர் கீழே இருந்தது. 270 பேர் போனார்கள். அந்த அணையில் புதுக் கழிவு விடுவதை நிறுத்தி சில வருஷம் ஆகியிருந்தது. உள்ளே தேங்கிய தண்ணீர் போதுமானதாக இருந்தது.

அப்போ தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் கொட்டலாமே? செய்கிறார்கள். சிலியில் லா கொய்பா சுரங்கத்தில் வடிகட்டி, ஈர மண் பதத்தில் அடுக்குகிறார்கள். மெஷினுக்கும் கரண்டுக்கும் செலவு உண்டு. ஆனால் தண்ணீர் கல் அரைக்கும் மில்லுக்கே திரும்புகிறது, அணையே வேண்டாம். ஆனால் காய்ந்தால் மட்டும் போதாது சாமி, எங்க மேடும் காய்ந்துதான் கிடக்கு! ரோலர் விட்டு இறுக்கி, ஒரு பக்கம் அடுக்கும்போதே மறுபக்கம் மண் மூடிப் புல் வளர்க்கணும்.

எனக்குப் பிடித்த வழி, எடுத்த குழிக்குள்ளேயே திருப்பிப் போடுவது. ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியம் சுரங்கத்தில் கழிவின் கரடான மணல் உள்ளேதான் போகிறது, நைஸான சேறுதான் குளத்துக்கு. கொஞ்சம் சிமெண்ட் கலந்து இட்லி மாவு பதத்தில் பம்ப் பண்ணினால் அது குழிக்குள் இறுகி மேல் பாறையையும் தாங்கும். முழுசும் அடங்காது, அரைத்த கல்லுக்குப் பழைய இடம் பத்தாது. பாதி அடங்கினாலும் மேடு பாதிதானே?

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. அந்த 13 மேட்டிலிருந்து மறுபடி தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. ஒரு டன் மண்ணில் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. அதாவது 3.3 கோடி டன்னையும் மறுபடி கிளறினால், கிட்டத்தட்ட அத்தனையும் மண்ணாகவே திரும்பி வரும். ஊரில் எல்லாரும் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள், நானும்தான் கேட்கிறேன், என் தம்பிக்காக. டெண்டர் பேப்பர் வந்தால் முதலில் ஒன்று பார்க்கணும்: தங்கத்துக்கு எத்தனை பக்கம், மிச்ச மண்ணுக்கு எத்தனை பக்கம்.