ஏற ஆள் எங்கே?
பனங்கன்றுகளைக் கூடுதலாக நட்டால் பனங்கட்டி (பனை வெல்லம்) ஏற்றுமதி பெருகிவிடும் என்கிறது இங்கே வந்துள்ள கட்டுரை. திருகோணமலையில், மூதூர்ப் பக்கம் எங்கள் வளவிலேயே பாளை (பூங்குலை) விட்டும், சாறு எடுக்கச் சீவப்படாத பனைகள் 11 நிற்கின்றன. ஏற ஆள் இல்லை. ஏறுகிறவரும் கள்ளுக்குத்தான் முட்டி (சாறு சேரும் மண்பானை) கட்டுகிறார், அன்றைக்கே காசு கிடைக்கிறதே! பனங்கட்டிக்கோ சாறு புளிக்காமலிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூச வேண்டும், ஒரு கிலோவுக்குச் சுமார் 8 லீட்டர் கருப்பநீர் (புளிக்காத பதநீர்) காய்ச்ச வேண்டும். அம்மம்மா பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டு, விரலால் உருட்டிப் பார்த்த பிறகுதான் குட்டானில் (சிறு ஓலைப் பெட்டியில்) வார்ப்பார். அதுவரை அடுப்படியை விட்டு நகரமாட்டார். இன்று நடும் கன்று பாளை விட 12, 15 வருடம் ஆகும். அதற்குள் சீவத் தெரிந்தவர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? எனக்கு முன் கருத்து எழுதிய ஒருவர், பனங்கட்டியை நீரிழிவுக்காரரும் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார். வேண்டாம் ஐயா, அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியேதான்.