வடக்கில் மழையாம், எந்த வடக்கில்?

கார்த்திகை பிறந்தால் விடியவே கைத்தொலைபேசியில் வானிலை பார்ப்பேன். தினமும் ஒரே வரிதான்: வடக்கு மாகாணத்தில் மழை, சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேல். எந்தச் சில இடங்கள்? பருத்தித்துறையும் வடக்கு, வவுனியாவும் வடக்கு. இரண்டுக்கும் ஒரே வானமா?

போன கிழமை அந்த வரியை நம்பி யூரியா எறியாமல் இருந்தேன். நான்கு நாள் வெயில். சரி என்று ஐந்தாம் நாள் எறிந்தேன், அன்றிரவே கொட்டித் தீர்த்தது. உரம் விற்கிற விலைக்கு வயிறு எரிகிறது.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற எங்களுக்கு எங்கள் தலைக்கு மேலே பெய்கிற மழை மட்டும் கணக்கில்லை. தெற்கே, வவுனியாப் பக்கம் பெய்வதைக் கனகராயன் ஆறு கொண்டுவந்து குளத்தில் சேர்க்கிறது. இங்கே தூறல்கூட இல்லாதபோதும் குளம் ஏறும், பிறகு வான்கதவு திறக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எவருக்கும் அந்தப் பயம் போகவில்லை (எங்கள் வீட்டில் இன்னும் மழை இரவுகளில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை).

மாகாணத்துக்கு ஒரு வரி போதாது. ஆற்றின் மேற்பகுதிக்குத் தனியாக, குளத்தின் கீழ்ப்பகுதிக்குத் தனியாகச் சொல்லுங்கள். காலபோகம், இந்த மாரிகால நெல் விதைப்பு, முடிவதற்குள் சொல்லுங்கள்.