கரை போனதுக்கு ஒரு காரணம், பனி உருகறதுக்கு ஒரு காரணம்: ரெண்டையும் போட்டு கொழப்பாதீங்க

கொஞ்ச நாளா எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்லயும் பாண்டிச்சேரி நண்பர்கள் பதிவுலயும் இதே சண்டைதான் ஓடுது. பூமி சூடாகறதும் பனி உருகறதும் மனுசனால இல்ல, இயற்கையோட சுழற்சி, நம்மள வளரவிடாம பண்ண வெள்ளைக்காரன் கெளப்பிவிட்ட கதைன்னு ஒரு பக்கம். பாண்டி வைத்திக்குப்பத்துல கடல்கரை போனதுல இருந்து போன வாரம் பேஞ்ச மழை வரைக்கும் எல்லாமே குளோபல் வார்மிங்தான்னு இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம் இருக்கு, அதுல ரெண்டாவது ஆளுங்க மேல கொஞ்சம் கூடுதலாவே இருக்கு, ஏன்னா அவங்க சொல்ற பெரிய விஷயம் உண்மை, அதுல இல்லாத ஒண்ண சேர்த்து அவங்களே அத கெடுக்கறாங்க.

மொதல்ல நம்ம கரைய பாப்போம். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர் பக்கம் போய் பாருங்க, கறுப்பு பாறையா கொட்டி வச்சிருக்கு, ஃபைபர் படக ஏத்தி வைக்க மணல் இல்ல, வலைய ரோட்டு ஓரமா விரிச்சுப் போட்டு பழுது பாக்கறாங்க, பாறை இடுக்குல பிளாஸ்டிக் பாட்டிலும் கிழிஞ்ச வலையும் சிக்கிக் கெடக்குது. வயசானவங்கள கேட்டா "இங்கதாம்பா கரைவலை இழுப்போம், ஊரே வந்து நிக்கும்"னு அலை அடிக்கற எடத்த கை காட்டுவாங்க. இத போட்டோ எடுத்துப் போட்டு "துருவப் பனி உருகி நம்ம ஊரு கடல் ஏறிடுச்சு"ன்னு எழுதறது ஈஸி. ஆனா நம்ம கரையில வருஷத்துல பாதிக்கு மேல அலை மணல தெக்கேருந்து வடக்க தள்ளிக்கிட்டே போகும், 1980-கள் கடைசியில துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல அலைத்தடுப்புச் சுவர் கட்டுனாங்க, அந்த மணல் அங்கயே நின்னு போச்சு. சுவருக்கு தெக்க வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்துச்சு, வடக்க எல்லாம் போச்சு. கடல் மட்டம் ஏறுனதுதான் காரணம்னா சுவருக்கு ரெண்டு பக்கமும்தானே கரை போயிருக்கணும்? அப்புறம் வடக்க பாறை கொட்டுனாங்க, அரிப்பு இன்னும் வடக்க நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு தமிழ்நாட்டு ஊருங்களுக்கு போச்சு. 2018-ல கடலுக்கடியில செயற்கைத் திட்டு மாதிரி ஒண்ணு போட்டதுக்கு அப்புறம்தான் பீச் ரோட்டுல கொஞ்சம் மணலையே பாக்க முடிஞ்சுது. இதுக்கு குளோபல் வார்மிங்னு பேர் வச்சா யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல, தெக்க சேர்ற மணல எடுத்து வடக்க போடுங்கன்னு யாரையும் கேக்கவும் முடியாது. மீனவங்களுக்கு இது பெரிய துரோகம்.

இப்ப மொத பக்கத்து ஆளுங்களுக்கு வரேன், "பாத்தியா, துறைமுகம்தான் காரணம், அப்ப குளோபல் வார்மிங் பொய்"னு இங்க குதிக்காதீங்க. நம்ம கரை விஷயத்துல எப்படி கண்டுபிடிச்சோம்? எந்தப் பக்கம் சேர்ந்துச்சு, எந்தப் பக்கம் போச்சுன்னு தடயத்த பாத்துதானே. பூமி விஷயத்துலயும் அதையேதான் செஞ்சிருக்காங்க.

சூரியன்தான் கூடுதலா சுடுதுன்னு வைங்க, காத்து மண்டலம் மேலயும் கீழயும் சேர்ந்து சூடாகணும். ஆனா நடக்கறது என்ன, நாம இருக்கற கீழ் அடுக்கு சூடாகுது, அதுக்கு மேல இருக்கற ஸ்ட்ராடோஸ்பியர்ங்கற அடுக்கு குளிர்ந்துக்கிட்டு போகுது. வெப்பம் வெளிய போகாம கீழ தடுக்கப்பட்டா இப்படித்தான் இருக்கும். சூரியனோட சக்திய 1970-கள் கடைசியில இருந்து சாட்டிலைட் வச்சு நேராவே அளக்கறாங்க, 11 வருஷத்துக்கு ஒரு தடவ ஏறி எறங்குது, மத்தபடி ஏறிக்கிட்டே போகல. எரிமலைன்னு சொல்றீங்க, உலகத்து எரிமலை எல்லாம் சேர்ந்து விடற கார்பன் டை ஆக்சைடு, நாம விடறதுல 1 சதவீதம் கூட வராது. காத்துல இருக்கறது நாம விட்டதுதான்னு எப்படி தெரியும்னா, நெய்வேலியில வெட்டற பழுப்பு நிலக்கரி மாதிரி லட்சக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கெடந்த பொருள்ல கார்பன்-14-ங்கற, நாளாக ஆக அழியற கார்பன் வகை சுத்தமா அழிஞ்சு போயிருக்கும், கார்பன்-13-ங்கற இன்னொரு வகையும் கம்மி. அத எரிக்க எரிக்க காத்துல அந்த ரெண்டோட விகிதமும் கொறையும், கொறஞ்சுகிட்டு வர்றத அளந்து வச்சிருக்காங்க. தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துல 280 பங்கு இருந்தது, 1958-ல ஹவாய் மௌனா லோவா மலையில கீலிங்ங்கற விஞ்ஞானி அளக்க ஆரம்பிச்சப்ப 315 கிட்ட, இப்ப 420-க்கும் மேல. இந்த வாயு கூடினா பூமி சூடாகும்னு ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ் 1896-லயே கணக்கு போட்டுட்டாரு, இன்னைக்கு அரசியலுக்காக கெளப்புன கதைன்னு எப்படி சொல்ல முடியும்? எக்ஸான் எண்ணெய் கம்பெனியோட சொந்த விஞ்ஞானிகளே 1970-கள் கடைசியில இருந்து கம்பெனிக்குள்ள இத கணிச்சு சொன்னாங்க, அவங்க போட்ட கணக்கு பெரும்பாலும் பலிச்சும் இருக்கு.

"பூம்புகார கடல் கொண்டப்ப எவன் கார் ஓட்டுனான்"னு எங்க பெரியப்பா கேட்டாரு. நியாயமான கேள்விதான் பெரியப்பா. கடைசி பனி யுகத்தப்ப, 20,000 வருஷத்துக்கு முன்னாடி, கடல் இப்ப இருக்கறத விட 120 மீட்டர் கீழ இருந்துச்சு, அப்புறம் பனி உருகி கடல் ஏறுனதுக்கு மனுசன் காரணமில்லன்னு எல்லா விஞ்ஞானியும் ஒத்துக்கறாங்க. பூமி சூரியன சுத்தற பாதையும் சாய்வும் மெதுவா மாறுனது அதுக்கு காரணம், அது ஆயிரக்கணக்கான வருஷத்துல நடக்கற வேலை. இப்ப 150 வருஷத்துல 1 டிகிரிக்கு மேல ஏறிடுச்சு, அந்தப் பழைய காரணம் எதுவும் இந்த வேகத்துல நகரல.

அப்புறம் டம்ளர்ல ஐஸ் போட்ட வீடியோ, ஐஸ் கரைஞ்சாலும் தண்ணி ஏறலன்னு. வீடியோ உண்மைதான், வட துருவத்துல மெதக்கற பனிக்கு அது பொருந்தும். ஆனா கிரீன்லாந்துலயும் அண்டார்டிகாவுலயும் பனி தரை மேல இருக்கு. டம்ளர் மேல ஒரு வடிகட்டிய வச்சு அதுல ஐஸ் போட்டுப் பாருங்க, ஏறுதா இல்லையான்னு தெரியும். கிரீன்லாந்து பனி முழுசா போனா மட்டும் உலகக் கடல் 7 மீட்டர் ஏறும், அது நாளைக்கே நடக்கப்போறதில்ல, ஆனா வருஷத்துக்கு 200 பில்லியன் டன்னுக்கு மேல அது இழந்துகிட்டு இருக்கு. சூடான தண்ணி விரியறது வேற தனி. 1993-ல இருந்து சாட்டிலைட் கணக்குல கடல் மட்டம் சராசரியா 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கு.

ஐபிசிசி, அதாவது ஐ.நா.வோட பருவநிலை மாற்றக் குழு, தப்பே பண்ணலன்னு நான் சொல்லல. இமயமலை பனியாறு எல்லாம் 2035-க்குள்ள காணாம போயிடும்னு 2007 அறிக்கையில போட்டாங்க, தப்பு, 2010-ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அண்டார்டிகாவ சுத்தி மெதக்கற பனி 2014 வரைக்கும் கூடிக்கிட்டுதான் இருந்துச்சு, அத வச்சு பலர் வாதாடுனாங்க, 2023-ல அதுவே சாட்டிலைட் காலத்துலயே கொறைஞ்ச அளவுக்கு போச்சு. விஞ்ஞானிங்களுக்குள்ள சண்டை இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா எதுல சண்டைன்னு பாருங்க. மேகம் சூட்ட எவ்வளவு கூட்டும் கொறைக்கும், அண்டார்டிகாவுல இருக்கற த்வைட்ஸ் பனியாறு எவ்வளவு சீக்கிரம் சரியும், இதுல சண்டை. மனுசன் காரணமாங்கறதுல இல்ல.

"வெள்ளைக்காரன் சதி"ங்கறதுல ஒரு பங்கு வலி நியாயமானது, அத நான் ஒதுக்க மாட்டேன். இதுவரைக்கும் உலகம் விட்ட கார்பன் டை ஆக்சைடுல கால் பங்கு கிட்ட அமெரிக்கா விட்டது, இந்தியா 3 சதவீதம் அளவுக்குத்தான். நம்ம ஊர்ல ஒரு மீனவர் வீட்டுல என்னத்த எரிச்சிருப்பாங்க? ஆனா அந்த நியாயத்த கேக்கணும்னா மொதல்ல மனுசன்தான் காரணம்னு ஒத்துக்கணும். காரணமே இயற்கைதான்னா அமெரிக்காகிட்ட எதுக்கு நஷ்டஈடு கேக்கறது? நம்ம கேஸ நாமளே தோக்கடிக்கறோம்.

2024 நவம்பர் 30-ல ஃபெங்கல் புயல்ல பாண்டியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அத முழுசா குளோபல் வார்மிங் கணக்குல நான் எழுத மாட்டேன், 2011-ல 'தானே' புயல் வந்து பண்ருட்டி பலா, முந்திரி எல்லாம் சாஞ்சதையும் அப்படித்தான். ஆனா காத்து 1 டிகிரி சூடானா 7 சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும்ங்கறது பௌதிகம். வடிகால தூத்து வீடு கட்டுனது இன்னொரு காரணம், அதுக்கு பதில் சொல்ல வேண்டியது நம்ம ஊர் ஆளுங்க.

அதனால துறைமுகச் சுவருக்கு தெக்க சேர்ற மணல எடுத்து வருஷா வருஷம் வடக்க போடுங்கன்னு புதுச்சேரி அரசாங்கத்தையும் கேக்கணும், கரி எரிக்கறத கொறைக்க பணமும் தொழில்நுட்பமும் குடுங்கன்னு பணக்கார நாடுகளையும் கேக்கணும். சூரியன்தான் காரணம்னு இன்னும் சொல்றவங்க, ஸ்ட்ராடோஸ்பியர் ஏன் குளிருதுன்னு மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க, அதுக்கு பதில் இருந்தா நான் உக்காந்து கேக்கறேன்.