பாலத்துக்கு அந்தப் பக்கம்

போன வாரம் டெக்சாஸிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். ஹெச்-1பி வேலை விசாவில் வந்து எட்டு மாதம் ஆகிறது. "மாமா, இங்க துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸே வேணாமாம். ஆபீஸ்ல எல்லாரும் சனிக்கிழமை துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போறாங்க. நானும் போயிட்டு, அப்படியே ஒண்ணு வாங்கிடலாமான்னு இருக்கு."

சொன்னதில் பாதி சரி. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர், சட்டம் விலக்கி வைத்த ஆள் இல்லையென்றால், பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகலாம். வினை அந்த 'விலக்கி வைத்த ஆள்' என்பதில்தான். அந்தப் பட்டியலில் இவனே இருக்கிறான். ஹெச்-1பி, மாணவர்களுக்கான எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். வாங்கினால் மட்டுமில்லை, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடித்தாலும் 'வைத்திருந்த' கணக்குதான். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கைவசம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை போய்விடும். ரேஞ்சில் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு போட்டோ போடுகிற நம் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நானே எத்தனை படத்துக்கு லைக் போட்டிருக்கிறேன்.

ஊரில் துப்பாக்கிக்கு 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஒன்றுதான். கலெக்டர் ஆபீஸில் மனு, போலீஸ் விசாரணை, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு. அந்தப் பழக்கத்தில் "அமெரிக்காவுல துப்பாக்கிச் சட்டம் என்ன?" என்று ஒருமையில் கேட்டுவிடுகிறோம். யார் வைத்திருக்கக் கூடாது, கடைக்காரர் விற்கும் முன் என்ன சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் மத்திய சட்டம். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாமா என்பது மாநிலத்தின் பாடு.

நான் இருப்பது பிலடெல்பியாவுக்கு வெளியே. டெலவேர் ஆற்றின் மேல் பென் ஃபிராங்க்ளின் பாலத்தைத் தாண்டினால் நியூ ஜெர்சியின் கேம்டன். காரில் சில நிமிஷம். என் மாநிலமான பென்சில்வேனியா கொடுத்த பெர்மிட் அந்தக் கரையில் வெறும் அட்டை. 2013இல் பிலடெல்பியாவிலிருந்து போன ஒரு பெண்ணை, இரண்டு குழந்தைகளுக்குத் தாய், நியூ ஜெர்சி போலீஸ் சாலையில் நிறுத்தியது. பென்சில்வேனியா பெர்மிட் இருக்கும் தைரியத்தில், துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். கைது செய்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் சிறை, தலைக்கு மேல் பல வருஷத் தண்டனை என்ற கத்தி. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் விஷயம் முடிந்தது. மறைத்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வழிப்போக்கர்களுக்கென்று 1986இல் வந்த மத்திய சட்டம் ஒன்று உண்டு. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் உங்களுக்கு அனுமதி இருந்தால், இடையில் உள்ள மாநிலத்தைக் கடக்கலாம். ஆனால் தோட்டாவைக் கழற்றியிருக்க வேண்டும், கைக்கு எட்டாமல் டிக்கியில் கிடக்க வேண்டும். இடுப்பில் வைத்திருப்பவருக்கு இது உதவாது.

இன்னொரு எல்லைக்கோடு இதைவிட விசித்திரம். வெர்மான்ட் மாநிலத்தில் பெர்மிட் என்ற ஒன்றே கிடையாது. ஒட்டினாற்போல நியூயார்க். தனக்கு விசேஷக் காரணம் இருப்பதாக நிரூபித்தால்தான் அங்கே பெர்மிட் என்று நூறு வருஷத்துக்கு மேல் விதி இருந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ரத்து செய்தது. நியூயார்க் சும்மா இருக்கவில்லை. அதே செப்டம்பரில் புதுச் சட்டம்: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி, டைம்ஸ் ஸ்கொயர், சப்வே என்று கொண்டுபோகக் கூடாத இடங்களின் நீண்ட பட்டியல். வழக்குகள் அதன்மேலும் பாய்ந்தன.

"ஒரு மாநிலத்து துப்பாக்கி பெர்மிட், டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எல்லா மாநிலத்திலும் செல்லட்டுமே" என்பார் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர். மான் வேட்டைக்காரர், நல்ல மனுஷன். அப்படி ஒரு மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. நான் அதற்கு எதிர்ப்பக்கம். டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் பொதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். இங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துப்போகப் பெர்மிட்டே தேவையில்லை. கண்டிப்பான மாநிலம் கேட்கும் பயிற்சியைத் தளர்வான மாநிலம் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். முதலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பயிற்சி அளவை வைக்கட்டும், அப்புறம் பேசலாம். அதற்காக, வழி மாறி வந்தவரைக் கொள்ளைக்காரனோடு ஒரே கூண்டில் ஏற்றுவதையும் ஏற்க முடியவில்லை. முதல் முறை அபராதத்தோடு விடலாம். "என் உரிமை பாலத்தின் நடுவில் முடிஞ்சிடுமா?" என்று அவர் கேட்கும்போது என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதும் உண்மை.

அக்கா மகன் ரேஞ்சுக்குப் போகவில்லை. ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவன் ஆபீஸ் வாசல், அதில் 30.06 என்று எண் போட்டு ஒரு பெரிய போர்டு. லைசென்ஸ் உள்ளவரும் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று டெக்சாஸ் சட்டம் வகுத்த வாசகம். கீழே எழுதியிருந்தான்: "எட்டு மாசமா இதை ஃபயர் சேஃப்டி போர்டுன்னே நினைச்சிட்டிருந்தேன் மாமா."