ஐஸ் இல்லாத கூடையைப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறாங்க

2018ல கேரளாவுல ஃபார்மலின் போட்ட மீனை லாரி லாரியா பிடிச்சாங்கல்ல, அதுலேர்ந்து மீன்னாலே நம்மாளுங்களுக்கு அந்த ஒரே பயம்தான். ஈ மொய்க்குதா, செவுள் செவப்பா இருக்கா, பேப்பர்ல டெஸ்ட் பண்ணலாமாமேன்னு குரூப்ல ஒரே ஃபார்வர்டு. ஃபார்மலின் தப்புதான், இல்லேங்கல. ஆனா மீன் சாப்ட்டு கூட்டம் கூட்டமா படுத்த கதைகளை எடுத்துப் பாத்தீங்கன்னா அதுல திரும்பத் திரும்ப வர்றது கெமிக்கல் இல்ல, பாக்டீரியாதான்.

அதுல முக்கியமான ஆளு விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். காலராக் கிருமிக்குப் பங்காளி, உப்புத் தண்ணியிலதான் குடித்தனம். 1950ல ஜப்பான்ல ஒசாகா பக்கம் சிராசுன்னு பொடி மீனு, வேகவச்சு அரைக்காய்ச்சலா காயவச்சது, அதைச் சாப்ட்டு 272 பேர் படுத்தாங்க, 20 பேர் செத்தே போனாங்க. அப்பதான் புஜினோன்னு ஒரு விஞ்ஞானி இந்தக் கிருமியையே கண்டுபிடிச்சாரு. வேகவச்ச மீனுங்க அது, அதைக் கவனிங்க.

நமக்கு தூரத்துக் கதைன்னு நினைக்க வேணாம். 1996 பிப்ரவரியில கொல்கத்தாவுல இதுல ஓ3:கே6னு ஒரு புது ரகம் திடீர்னு தலைகாட்டி, கொஞ்ச வருஷத்துல உலகம் பூரா பரவிருச்சு. 1998ல டெக்சாஸ் கடல்ல எடுத்த சிப்பியைப் பச்சையா சாப்ட்டு 13 மாநிலத்துல 416 பேருக்கு இதே ரகம்தான் வந்துச்சு. 2004ல இன்னொரு ரகம் அலாஸ்காவுக்கே போயிருச்சு, அங்க கோடையில கடல் தண்ணி 15 டிகிரியைத் தாண்டுனதே போதுமானதா இருந்துச்சு. நம்ம கடல் 25க்குக் கீழ எறங்குறதே அபூர்வம், நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஏத்த சூடு கிடைச்சா இது சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ரெண்டு மடங்காகும். நூறுல ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரத்துல நாலு லட்சம். பொதுவா கொஞ்சூண்டு உள்ள போனா ஒடம்பு சமாளிச்சுக்கும், லட்சக்கணக்குல போறப்பதான் வயித்துவலி, வாந்தி, பேதி எல்லாம். ஆக மீன் எந்தக் கடல்லேர்ந்து வந்துச்சுங்குறதை விட வெயில்ல எவ்வளவு நேரம் கெடந்துச்சுங்குறதுதான் கேள்வி.

ஜப்பான்காரன் என்ன பண்ணான்னா, 1998ல ஒரே வருஷத்துல 12,000 பேருக்கு மேல இதுல விழுந்ததும், 2001ல ரூல் போட்டான். பச்சையா திங்குற மீன் 10 டிகிரிக்குக் கீழதான் இருக்கணும், கழுவுறதுக்கு குடிதண்ணி இல்லன்னா கிருமி நீக்குன கடல் தண்ணிதான். அதுக்கப்புறம் கேஸு மளமளன்னு கொறஞ்சுது. பச்சை மீன் திங்குறதை யாரும் விடல!

நம்ம ஊர் எறங்குதளத்துக்கு விடிகாலையில போயிப் பாருங்க. போட்டுலேர்ந்து கூடை எறங்குது, தரையில கொட்டுறாங்க, டீசலும் கழிவும் மெதக்குற துறைமுகத் தண்ணியையே வாளியில மொண்டு மேல ஊத்தி 'கழுவுறாங்க', ஏலம் முடியுற வரைக்கும் அப்படியே கெடக்குது. மீன்காரம்மாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஐஸ் வாங்குற காசு அவங்க லாபத்துலேர்ந்துதான் போகணும். குழாய்ல நல்ல தண்ணியும் கட்டுப்படியாகுற வெலையில ஐஸும் குடுக்க வேண்டியது அரசாங்கம், அதை விட்டுட்டு கட்டடத்துக்குப் பெயின்ட் அடிச்சு திறப்பு விழா நடத்துறாங்க.

'நாமதான் கொதிக்கக் கொதிக்க குழம்பு வைக்கிறோமே'ன்னு ஒரு கோஷ்டி வரும். விப்ரியோ சூட்டுல செத்துரும், சரி, வெந்ததுக்கப்புறம் மறுபடி ஒட்டிக்காம இருந்தா. ஆனா சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீனெல்லாம் ஐஸ் இல்லாம கெடந்தா வேற பாக்டீரியா அதுல ஹிஸ்டமின் உண்டாக்கும், அதை எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. மூஞ்சி செவந்து அரிக்கும், நம்மாளு மீன் அலர்ஜின்னு முடிவு பண்ணிட்டு ஆயுசுக்கும் அதைத் தொட மாட்டான்.

இன்னொண்ணு மீன் வறுவல் கடை. மீன் என்னமோ தோசைக்கல்லுல நல்லா முறுகத்தான் வேகுது. கூட வைக்கிற பச்சை வெங்காயத்தை எதுல நறுக்குறாங்கன்னு பாருங்க, அதே பலகை, அதே கத்தி, நடுவுல ஒரு அழுக்குத் துணியில ஒரு தொடப்பு. நம்ம வீட்டு அருவாமனையும் அதே கதிதான். குழாய்த் தண்ணியில நல்லா அலசுனாலே இந்தக் கிருமி பாதி ஒழியும், உப்பு இல்லாம அதுக்குத் தாங்காது, ஆனா அந்த அலசல் கூட நடக்குறதில்ல.

வெங்காயத்துக்குத் தனிப் பலகை வச்சிருக்கற வறுவல் கடை உங்க ஏரியாவுல இருந்தா கமெண்ட்ல போடுங்க, நெசமாத்தான் கேக்குறேன்.