பத்து நாள் பாசம் யாருக்காக?

நம் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒரு குழு கம்போடியாவில் உள்ள அநாதை இல்லத்துக்குப் பத்து நாள் ஊழியம் என்று போய், அங்கிருக்கும் ஒரு பெண்பிள்ளையின் படத்தைப் போட்டிருந்தது. அந்தப் படத்தின் கீழே நான் எழுதியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டே வரி. "இந்தப் பிள்ளையின் முகத்தை இப்படிப் போடலாமா? இவளுடைய அம்மாவிடம் கேட்டீர்களா?" அவ்வளவுதான் கேட்டேன். அதற்குள் நான் ஊழியத்துக்கு விரோதி ஆகிவிட்டேன், வாலிபரின் ஆர்வத்தைக் கெடுக்கிறவள் ஆகிவிட்டேன். "அக்கா, உங்களுக்கு ஆத்தும பாரம் குறைந்துவிட்டது, உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பிறருடைய ஆத்துமாவைப் பற்றிய அக்கறை எனக்குப் போய்விட்டதாம். ஜெபியுங்கள், எனக்கு அது தேவைதான். ஆனால் கேட்ட கேள்விக்கு இதுவரை ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

"அநாதை இல்லத்தில் அம்மா எங்கே இருப்பார்?" என்று ஒருவர் கேட்டாரே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இருக்கிறார், சகோதரரே. கம்போடியாவில் இந்த மாதிரி இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பதாக 2011-லேயே ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் சொல்லிவிட்டது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. லட்சக்கணக்கானோரைக் கொன்று பிள்ளைகளை அநாதைகளாக்கிய கெமர் ரூஜ் ஆட்சி 1979-லேயே முடிந்துவிட்டது. அப்படியிருக்க, இத்தனை வருடம் கழித்து இல்லங்கள் ஏன் பெருகின? பிள்ளை படிக்கும், மூன்று வேளை சாப்பிடும் என்று சொன்னால் ஏழை அம்மா அனுப்பிவைக்கிறார். பிள்ளைகள் இருந்தால் பார்க்க ஆள் வருகிறார்கள், பார்க்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நாம் சுமந்துகொண்டு போகும் காணிக்கையும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

நானும் போனவள்தான். அதே நாடு, வேறொரு இல்லம். வேனிலிருந்து இறங்கிக் காலைக் கீழே வைக்கிறேன், நான்கு வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் யார் என்று முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மொழிபெயர்ப்பாளர் மூலம் அவரிடம் பேசினேன். அவள் வருகிற எல்லாரிடமும் இப்படித்தான் என்றார். ஆனால் ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரையும் கூப்பிட மாட்டாளாம். போர்வைக்குள் சுருண்டு கிடப்பாளாம். இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

மறுநாள் கையசைத்துப் பாடும் ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். இரண்டாவது வரியில் நாங்கள் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் தூக்கிவிட்டார்கள். எத்தனை குழுக்கள் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயினவோ.

ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வைப் பற்றித் தேடிப் படியுங்கள். இல்லங்களில் இருந்த 136 பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். இல்லத்திலேயே வளர்ந்த பிள்ளைகளைவிட வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் பல விதங்களில் தேறினார்கள், முக்கியமாக இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள். முன்பின் தெரியாதவரிடம் ஓடி ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒரு ஆள் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுகிறது. அதைத்தான் நாம் பாசம் என்று சொல்லிப் படம் எடுக்கிறோம். என் கழுத்தைக் கட்டிக்கொண்ட அந்தப் பிள்ளைக்குத் தேவை, நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அந்த அம்மா. பத்து நாள் வந்து, மடியில் வைத்துக்கொண்டு, பதினோராம் நாள் விமான நிலையத்துக்குப் போகிற இன்னொரு அக்கா அல்ல.

"சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வர இடங்கொடுங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையா?" சொன்னார். அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் அங்கேயே நின்றிருந்தார்கள். அவர்களைத் தடுத்த சீஷர்களைத்தான் அவர் கண்டித்தார். பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து பிரித்து வைக்கிற ஓர் ஏற்பாட்டுக்கு இந்த வசனத்தைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

"நம் பிள்ளைகள் எவ்வளவு மாறித் திரும்பி வருகிறார்கள் தெரியுமா?" தெரியும். சபையில் தங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் அவர்கள் அழுததை நானும் பார்த்தேன், அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை மனம் மாறுவதற்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை வருகிறவர்களை வருடம் முழுக்க வழியனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா? உங்கள் மகன் தங்கிப் படிக்கும் விடுதிக்குள் மொழி தெரியாத இருபது பேர் வந்து, அவனைத் தூக்கி, படம் எடுத்து, "பாவம், யாருமில்லாத பிள்ளை" என்று எழுதிப் போட்டால் சும்மா இருப்பீர்களா? காவல் நிலையத்துக்குப் போகமாட்டீர்களா?

"உலகத்தார் சொல்வதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். சரி, சபைக்கு வெளியே இருக்கிற உலகத்தார் வேண்டாம். இவான் இல்லிச் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1968-இல் மெக்சிகோவில், சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களை முன்னால் உட்காரவைத்து, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். நான் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. போகாதீர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019-இல் நிறைவேற்றிய பிள்ளைகள் உரிமைத் தீர்மானம் இப்படித் தொண்டு என்ற பெயரில் இல்லங்களுக்குப் போவதால் வரும் தீங்கைப் பேசுகிறது. அதே மாதிரி ஒரு வார்த்தையைச் சபைக்குள் ஒருத்தி சொன்னால் அவளுக்குப் பாரம் குறைந்துவிட்டதா?

போங்கள். ஆனால் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளப் போட்டிபோட்டுக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே இருக்கிறவர்களுக்குத் துணையாகப் போங்கள். அந்தச் சமையலறை அம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்படி பாத்திரம் கழுவுங்கள், கூரையைச் சரிசெய்யுங்கள். பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பாடுபடுகிற உள்ளூர் சபைகளும் சமூக ஊழியர்களும் இருப்பார்கள், அவர்களைத் தேடிப் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பணம்தான் வேண்டும், ஆள் வேண்டாம் என்று சொன்னால் விமான டிக்கெட் பணத்தை அனுப்பிவிட்டு இங்கேயே இருங்கள். அதுவும் ஊழியம்தான். அதைப் படம் எடுக்க முடியாது, அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை என்று எனக்குச் சில சமயம் தோன்றுகிறது. இப்படி எழுதுவதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது. இந்த வாலிபர் ஐக்கியத்தில்தான் நானும் வளர்ந்தேன். அங்கே ஜெபிக்கக் கற்றுக்கொண்டவளை, ஒரு கேள்வி கேட்டதற்காக வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தவருக்கு என் தொலைபேசி எண் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, டிக்கெட் போடுவதற்கு முன் அந்த இல்லத்துக்கு எழுதிக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள்? போன வருடம் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள்? வருகிறவர்களின் பின்னணியை விசாரித்த பிறகுதான் உள்ளே விடுகிறீர்களா? பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், போதகர் ஐயாவிடம் காட்டுங்கள். நான் எழுதிய அந்த இரண்டு வரியை நீக்கச் சொல்லி மூன்று பேர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நீக்க மாட்டேன். அந்தப் பிள்ளையின் படத்தை முதலில் நீக்குங்கள்.