மெருகு போடாத தெரேசா

புனிதர் வரலாறு என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்று நம் பங்குகளில் ஒரு வருத்தம் உண்டு. மறைக்கல்வி ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பங்குச்சாமியார்கள் பிரசங்கத்தில் சொல்கிறார்கள், வீட்டில் பாட்டிமார் சொல்கிறார்கள். செல்போன் வந்து விசுவாசத்தைக் கெடுத்துவிட்டது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "இது நிஜமாவே நடந்ததா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பயந்து ஒதுங்காமல், அந்தக் கேள்வியோடேயே புனிதர்களை வாசிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அப்படி வாசித்தால் சில கதைகள் உதிர்ந்துபோகும். போகட்டும். உதிர்ந்த பிறகு நிற்கிற மனிதர் யார் என்று பார்க்கலாம். நான் பார்த்தவரை, அப்படி உதிர்த்துவிட்டு வாசிக்கும்போது முன்பைவிடப் பெரியவராகத் தெரிகிறவர், 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லிசியே ஊரில் கன்னியர் மடத்தில் வாழ்ந்த லிசியே தெரேசா.

குழந்தை தெரேசம்மாள், சிறுமலர் என்றெல்லாம் நாம் கூப்பிடுகிறவர். அவர் சொரூபத்தைப் பார்த்திருப்பீர்கள்: பழுப்பு அங்கி, வெள்ளை மேலாடை, கை நிறைய ரோஜா, நடுவில் பாடுபட்ட சுரூபம், சின்னப் பிள்ளை முகம். அந்த முகம் அவருடைய அக்காள் செலின் வரைந்த படங்களிலிருந்து வந்தது. செலின் 1894இல் தெரேசா இருந்த லிசியே கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தபோது கூடவே ஒரு கேமராவையும் கொண்டுபோனார். வெளியே போகாமல் அடைபட்டு வாழ்கிற அந்தக் காலத்து மடத்தில் அது அபூர்வம். அவர் எடுத்த தெரேசாவின் படங்கள் கண்ணாடித் தகடுகளில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் தங்கையின் உயிர்க்களை புகைப்படத்தில் வரவில்லை என்று செலின் நினைத்தார். அதனால் தூரிகையால் திருத்தினார், புதிதாக வரைந்தார். பல வருடங்கள் உலகம் பார்த்தது அந்தத் திருத்திய முகத்தைத்தான். திருத்தாத படங்கள் 1961இல்தான் முழுசாக வெளியே வந்தன.

1897 ஜூன் 7ஆம் தேதி எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். சாவதற்கு நாலு மாதம்கூட இல்லை. காசநோய் முற்றியிருக்கிறது. கையில் குழந்தை இயேசு படமும் இயேசுவின் திருமுகப் படமும் பிடித்தபடி இருக்கிறார். உறுதியான தாடை, களைத்துப்போன கண்கள். 24 வயதுப் பெண், நேராகக் கேமராவைப் பார்க்கிறார். அந்தப் பார்வையை ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முகத்துக்கு நடந்ததுதான் எழுத்துக்கும் நடந்தது. தெரேசா தன் நினைவுகளை எழுதியது ஒரே மூச்சில் இல்லை, ஒரே ஒருவருக்காகவும் இல்லை. முதல் பகுதியை அக்காள் போலின் கேட்டு எழுதினார். போலின் அப்போது அன்னை ஆக்னஸ் என்ற பெயரில் மடத்துத் தலைவி. இரண்டாவது, இன்னொரு அக்காள் மரிக்கு எழுதிய கடிதம். மூன்றாவது, 1897 ஜூனில் புதிய தலைவி மரி தெ கொன்சாக் சொல்லி எழுதியது. அதன் கடைசிப் பக்கங்கள் பென்சிலில் இருக்கின்றன. மையைத் தொட்டு எழுதக்கூட அவருக்குத் தெம்பில்லை. இந்த மூன்றையும் அன்னை ஆக்னஸ் ஒன்றாக்கி, ஆயிரக்கணக்கான இடங்களில் மாற்றி, 1898இல் 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்று அச்சிட்டார். உலகமெங்கும் பரவியது அந்தப் பதிப்பு. தெரேசா எழுதியது எழுதியபடியே வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்னஸைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தாயில்லாப் பிள்ளையை வளர்த்த அக்காள் அவர். தங்கை மீது தப்பாக ஒரு சொல் விழக்கூடாது என்ற பாசம். ஆனால் அந்தப் பாசம் அரை நூற்றாண்டுக்கு மேல் நமக்கும் அவருக்கும் நடுவில் நின்றது.

அந்தக் கடைசி நோட்டில் என்னதான் இருக்கிறது? 1896 பெரிய வெள்ளிக்கு முந்தின இரவு, படுத்ததும் வாயில் ஏதோ பொங்கி வருகிறது. விளக்கை அணைத்துவிட்டதால் அப்போது பார்க்கவில்லை. காலையில் பார்த்தால் கைக்குட்டையில் ரத்தம். மோட்சத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்படுகிறார். சில நாளில் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், வருகிறது. அதோடு அந்தச் சந்தோஷம் நின்றுபோகிறது. மோட்சம் உண்டு என்ற எண்ணமே மனதில் ஒட்டவில்லை. இருட்டு பேசுகிறது என்று எழுதுகிறார். வெளிச்சத்தைக் கனவு காண்கிறாயா, போ, சாவை நினைத்துச் சந்தோஷப்படு, அது உனக்கு நீ நம்புவதைத் தராது, இதைவிடக் கறுத்த இரவைத் தரும், ஒன்றுமில்லாமையின் இரவை என்று அந்தக் குரல் கேலி செய்கிறதாம். இவ்வளவையும் எழுதிவிட்டு, இதற்குமேல் எழுதினால் தேவதூஷணம் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஏற்கெனவே அதிகம் சொல்லிவிட்டேனோ என்று நிறுத்துகிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். நம்பாதவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களைத் தன் சகோதரர்கள் என்கிறார். அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து அந்தத் துக்கத்தின் அப்பத்தை உண்பதாகவும், கடவுள் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றும் எழுதுகிறார்.

இந்த இருட்டு சாகும்வரை பெரிதாக விலகவில்லை. வேதனை உச்சத்தில் இருந்தபோது, விசுவாசம் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் உயிரை விட்டிருப்பேன் என்று சொன்னதையும் அன்னை ஆக்னஸே குறித்துவைத்திருக்கிறார். கவனியுங்கள், தங்கையின் எழுத்தை அவ்வளவு திருத்திய அதே கை. புகழ் சேர்க்க நினைக்கிறவர் இதை இட்டுக்கட்டி எழுதமாட்டார். சந்தேகத்தோடு வாசிப்பதில் கிடைக்கிற பலன் இதுதான்: எதை நம்பலாம் என்றும் தெரியவருகிறது.

இதே காலத்தில் நடந்த இன்னொரு சங்கதி நம் பிரசங்கங்களில் வருவதே இல்லை. லியோ தக்சில் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். திருச்சபையைத் திட்டி எழுதிப் பிழைத்தவர், 1885இல் மனம் திரும்பியதாக அறிவித்தார். ஃபிரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். டயானா வாகன் என்ற ஒரு பெண் அந்தக் கூட்டத்திலிருந்து தப்பித்து மனம் திரும்பியதாகவும் எழுதினார். கத்தோலிக்க உலகம் அதை அப்படியே நம்பியது. ஆயர்கள் நம்பினார்கள். லிசியே மடமும் நம்பியது. தெரேசா அதை வைத்து மடத்துக்குள் நடிக்க ஒரு சின்ன நாடகமே எழுதினார். ஜோன் ஆஃப் ஆர்க் வேடத்தில் செலின் எடுத்த தன் படம் ஒன்றையும் டயானாவுக்கு அனுப்பிவைத்தார். பதில் கடிதமும் வந்தது. 1897 ஏப்ரல் 19, பாரிஸ் புவியியல் சங்க மண்டபத்தில் தக்சில் மேடையேறி, டயானா வாகன் பற்றிச் சொன்னதெல்லாம் நான் கட்டிய கதை என்றார். அந்த மண்டபத்தில் திரையில் காட்டிய படம், தெரேசாவின் படம்.

சாகக் கிடக்கிற ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! டயானாவின் கடிதத்தை எருக்குழியில் போட்டுவிட்டார். ஆனால் தேதியைப் பாருங்கள். ஏப்ரலில் இந்த அவமானம். ஜூனில் நம்பாதவர்களோடு ஒரே பந்தியில் உட்காருகிறேன் என்று எழுதுகிறார். தன்னை ஏமாற்றியவர்களும் அந்தப் பந்தியில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நம்மில் எத்தனை பேருக்கு இரண்டு மாதத்தில் அப்படி எழுத வரும்? கண்ணை மூடிக்கொண்டு நம்புவதால் திருச்சபைக்கு என்ன கேடு வரும் என்பதற்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. இதை மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதிசயங்களைப் பற்றி தெரேசாவே என்ன நினைத்தார் தெரியுமா? 1897 ஆகஸ்டில், படுத்த படுக்கையாக இருந்தபோது பேசியிருக்கிறார். குழந்தை இயேசு களிமண்ணில் பறவை செய்து ஊதினார், அது பறந்தது என்று ஒரு பழைய கதை உண்டே, அதை அவர் ஏற்கவில்லை. இப்படி உபயோகமில்லாத அதிசயத்தைக் குட்டி இயேசு தன் அம்மாவைச் சந்தோஷப்படுத்தக்கூடச் செய்திருக்கமாட்டார் என்றார். திருக்குடும்பத்தின் வாழ்க்கை எல்லார் வீட்டு வாழ்க்கை மாதிரிதான் இருந்திருக்கும், அதை நினைத்தால்தான் தனக்கு ஆறுதலாக இருக்கிறது என்றார். மறுநாள் மாதாவைப் பற்றி: பிரசங்கம் எனக்குப் பிடிக்கவேண்டுமானால், அவர் நிஜமாக வாழ்ந்த வாழ்க்கையை அதில் பார்க்கவேண்டும், நாம் கற்பனை செய்கிற வாழ்க்கையை இல்லை. புனிதர்களை எப்படி வாசிப்பது என்று எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு புனிதையே சொல்லிவிட்டார்.

பத்து வயதில் அவருக்கு நடந்ததையும் இதே கண்ணோடு பார்க்கலாம். நாலு வயதில் தாயை இழந்தவர். தாயாக ஏற்றுக்கொண்ட போலினும் 1882இல் மடத்துக்குப் போய்விட, அடுத்த வருடம் விநோதமான ஒரு நோய்: நடுக்கம், பயம், பிதற்றல். 1883 மே 13, படுக்கை அருகே இருந்த மாதா சொரூபம் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகக் கண்டு குணமாகிறார். இது மனம் உண்டாக்கி மனமே தீர்த்த நோய் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். தெரேசாவே சந்தேகப்பட்டிருக்கிறார். மடத்துச் சகோதரிகள் மாதா எப்படி இருந்தார், கையில் குழந்தை இருந்ததா என்று கேட்கக் கேட்க, மிக அழகாக இருந்தார் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியாமல், பொய் சொல்லிவிட்டோமோ என்று வருடக்கணக்கில் வதைபட்டார். வேண்டுமென்றே நோய் வரவழைத்துக்கொண்டேனோ என்றும் பயந்தார். குணமானது உண்மை, அந்தப் பிள்ளை பட்ட வேதனையும் உண்மை. மீதியை வாசிக்கிறவர் தன் மனச்சாட்சிப்படி எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பிடித்த தெரேசா சலவைத் தொட்டி பக்கத்தில் நிற்கிறவர். எதிரே நிற்கும் சகோதரி கைக்குட்டைகளை அடித்துத் துவைக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கிறது. பின்னால் நகர்ந்து முகத்தைத் துடைத்துக் காட்டலாமா என்று தோன்றுகிறது, செய்யவில்லை. கோவிலில் தியான நேரத்தில் பின்னால் ஒரு சகோதரி எதையோ உரசி உரசிச் சத்தம் போடுகிறார். திரும்பி ஒரு பார்வை பார்க்கத் துடிக்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது, கடைசியில் அந்தச் சத்தத்தையே ஒரு கச்சேரி மாதிரி உட்கார்ந்து கேட்கிறார். செபத்தில் தூங்கிவிடுவதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்கும் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கும் இந்தப் பக்கங்களை விளக்கவே வேண்டாம்.

சரி, இப்படி ஆராய்வது விசுவாசத்துக்கு ஆகாது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்த வேலையை ஆரம்பித்ததே இயேசு சபைக் குருக்கள்தான். 1643இல் ஆன்ட்வெர்ப்பில் ழான் போலாந்து, பழைய ஏடுகளை ஒப்பிட்டு, ஜனவரி மாதப் புனிதர்களின் வரலாறுகளை வெளியிட்டார். அவர் வழிவந்தவர்கள் எலியாஸ் தீர்க்கதரிசிதான் கார்மேல் சபையை நிறுவினார் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்டபோது சபையினர் கொதித்தார்கள். 1695இல், திருச்சபைப் போதனைக்கு மாறானவர்களைத் தண்டித்த ஸ்பெயின் விசாரணை மன்றம் அந்தத் தொகுதிகளைக் கண்டித்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1969இல் புனிதர் திருநாள் நாட்காட்டியைத் திருத்தியபோது, வரலாற்று ஆதாரம் போதாத பல பெயர்களைத் திருச்சபையே பொது நாட்காட்டியிலிருந்து எடுத்தது.

நம் கரைக்கு வந்த சவேரியாரையும் இப்படி வாசிக்கலாம். எல்லா மொழியும் வரமாகப் பெற்றுப் பேசினார் என்பது கதை. அவர் கடிதம் வேறு சொல்கிறது: மொழி புரியவில்லை, இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனேன் என்று 1544இல் எழுதுகிறார். முத்துக்குளித்துறையின் வெயிலில் தமிழை உருப்போட்டுக்கொண்டு நடந்த அந்த மனிதர் எனக்கு வரம் பெற்றவரைவிட நெருக்கமானவர். அதே சவேரியார் 1546இல் போர்த்துக்கல் அரசருக்கு எழுதி, இந்தியாவுக்கு விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். பின்னால் கோவாவில் அது வந்தபோது எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது வரலாறு. அவர் மேல் எனக்குள்ள அன்புக்காக அந்தக் கடிதத்தை நான் கிழித்தெறிய முடியாது. பிள்ளைகளுக்கு இரண்டு கடிதங்களையும் காட்டவேண்டும்.

அக்டோபர் 1 தெரேசாவின் திருநாள். நவநாளுக்குப் புத்தகம் தேடுகிற மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு என் யோசனை: அவர் பெயரில் சொல்கிற ரோஜா மழை அதிசயக் கதைகளை இந்த முறை விட்டுவிடுங்கள். லிசியே மடத்து ஆவணக்காப்பகம் தெரேசாவின் கையெழுத்துப் பிரதிகளையும் படங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. 1897 ஜூன் படத்தை வகுப்பில் காட்டுங்கள். கடைசி நோட்டில் இருட்டு பேசுகிற பக்கங்களை, உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். மீதி நேரம் அவர்கள் கேள்வி கேட்கட்டும்.